ஜாவா ஆப்பைக் கோட்லினுக்கு மாற்றும்போது எங்கே உடையும்?

கோட்லின் மொழியைக் கற்பது பெரிய வேலை இல்லை. ஜாவாவில் கைதேர்ந்த ஆண்ட்ராய்டு டெவலப்பருக்குச் சில வாரங்களில் இலக்கணம் பழகிவிடும். தொல்லை மொழி முடிகிற இடங்களில் இருக்கிறது. ஜாவா ஃபைலும் கோட்லின் ஃபைலும் ஒன்றையொன்று கூப்பிடும் இடம், சர்வரிலிருந்து ஜேசான் (தகவலை டெக்ஸ்டாக அனுப்பும் வடிவம்) உள்ளே நுழையும் இடம், பயனரின் போனில் ஏற்கெனவே கிடக்கும் டேட்டாபேஸைப் புதிய கோட் திறக்கும் இடம் ஆகிய எல்லைகளில்தான் மாற்றத்துக்குப் பின் வரும் கிராஷ்கள் பிறக்கின்றன. கோடைச் சரிபார்த்து ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அங்கே வாய் திறக்காது. பில்ட் பச்சையாக ஓடி முடியும், டெஸ்ட் தேறும், ரிலீஸ் ஆன பிறகுதான் விழும்.

ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2011-ல் அறிவித்த மொழி இது. 1.0 பதிப்பு 2016 பிப்ரவரியில் வந்தது. 2017 மே மாதம் கூகுள் தன் ஐ/ஓ மாநாட்டில் ஆண்ட்ராய்டுக்கு அதிகாரபூர்வ ஆதரவு தந்தது. 2019-ல் இனி கோட்லினுக்கே முதலிடம் என்று சொல்லிவிட்டது. புதிதாகத் தொடங்கும் ஆப் என்றால் இப்போது விவாதத்துக்கே இடமில்லை. கூகுளின் திரை அமைக்கும் கருவியான ஜெட்பேக் கம்போஸில் திரை எழுத வேண்டுமானால் கோட்லின் தெரியாமல் முடியாது. கேள்வியெல்லாம் ஏழெட்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா ஆப்பைப் பற்றியதுதான். டியோலிங்கோ தன் ஆண்ட்ராய்டு ஆப்பை முழுதாக மாற்ற ஏறத்தாழ இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. ஒரு கோடி வரி ஜாவாவை வைத்திருந்த மெட்டா, மாற்றும் வேலைக்கென்றே தனிக் கருவித்தொடரைக் கட்டியது. கோட்லினுக்கு வந்த பிறகு நல்-பாயின்டர் கிராஷ்கள் (மதிப்பே இல்லாத ‘நல்’-ஐத் தொட்டு விழுபவை) 33% குறைந்ததாகக் கூகுள் ஹோம் ஆப்பின் டீம் சொன்னது. அந்தப் பலன் நிஜம். ஆனால் எல்லைகளை அடைத்த பிறகே அது கைக்கு வரும். மாற்றிய கையோடு வெளியிட்ட ரிலீஸில் கிராஷ் கூடினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

முதலில் பில்ட்

ஒரு வரி கோட்லின் எழுதுவதற்கு முன், ஆப்பை பில்ட் செய்யும் கருவியான கிரேடிலைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலோர் முதலில் பார்க்கும் எரர், ஜாவா டாஸ்க்கின் டார்கெட் 1.8 ஆகவும் கோட்லின் டாஸ்க்கின் டார்கெட் 17 ஆகவும் இருக்கிறது, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. கிரேடில் 8-லிருந்து இது வெறும் எச்சரிக்கை இல்லை, பில்டையே நிறுத்திவிடும். ஒவ்வொரு மாட்யூலிலும் தனித்தனியாகக் கை வைக்காமல் ‘ஜேவிஎம்டூல்செயின்(17)’ என்று ஒரே இடத்தில் பூட்டி, ‘கம்பைல்ஆப்ஷன்ஸ்’ பகுதியிலும் அதே எண்ணைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8 ஓடுவதற்கே ஜேடிகே 17 வேண்டும் என்பதால் அதற்குக் கீழே நிற்பதில் லாபமில்லை. பழைய வழிகாட்டிகளில் கோட்லின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியைத் தனியாகச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். 1.4 பதிப்பிலிருந்து அது தானாகவே வருகிறது. பழைய வரியை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் பதிப்பு மோதல் வரும்.

அடுத்தது அனோட்டேஷன் பிராசசர், அதாவது கோடில் போட்ட ‘@’ குறிகளைப் படித்துக் கூடுதல் கோடை உருவாக்கும் கருவி. இது மோசமான பொறி. டேட்டாபேஸைக் கையாளும் ரூம் லைப்ரரிக்கு ‘அனோட்டேஷன்பிராசசர்’ என்று டிபெண்டன்சி வரி இருக்கும். டேட்டாபேஸ் கிளாஸைக் கோட்லினுக்கு மாற்றிவிட்டு அந்த வரியை அப்படியே விட்டால் பில்ட் ஓடும். காரணம், அந்தப் பிராசசர் ஜாவா சோர்ஸை மட்டும் பார்க்கும். கோட்லின் ஃபைல் இருப்பதே அதற்குத் தெரியாது. ரூம் உருவாக்க வேண்டிய ‘ஆப்டேட்டாபேஸ்_இம்பிள்’ கிளாஸ் உருவாகாது. ரூம் அதை ஓடும் நேரத்தில் பெயரை வைத்துத் தேடுவதால், ஆப் திறந்து முதல்முறை டேட்டாபேஸைத் தொடும்போது “இம்பிள் இல்லை” என்று விழும். டேகர் என்ற லைப்ரரியில் இதே தவறு நடந்தால் கம்பைலிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் உருவாகும் கிளாஸின் பெயரை நம் கோடே நேரடியாகக் கூப்பிடுகிறது. ரூமில் அந்தக் காவல் கிடையாது.

அந்த வரியைக் ‘கேப்ட்’ அல்லது ‘கேஎஸ்பி’ என்று மாற்ற வேண்டும். முடிந்தவரை கேஎஸ்பி. கேப்ட் உங்கள் கோட்லின் ஃபைல்களுக்கெல்லாம் போலி ஜாவா வடிவம் ஒன்றை முதலில் எழுதி, அதை ஜாவா பிராசசரிடம் கொடுக்கிறது. பில்ட் நேரம் அங்கேதான் போகிறது. கேஎஸ்பி கோட்லினை நேரடியாகப் படிக்கிறது. ரூம், மோஷி, கிளைட், ஹில்ட் எல்லாவற்றுக்கும் கேஎஸ்பி வந்துவிட்டது. ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரு மாட்யூலில் நான்கு பிராசசரில் மூன்றை மாற்றி ஒன்றைக் கேப்டில் விட்டாலும் அந்தப் போலி ஜாவா எழுதும் செலவு அப்படியே இருக்கும். கடைசி ஒன்றும் போனால்தான் வேகம் தெரியும். திரையையும் தகவலையும் இணைக்கும் டேட்டா பைண்டிங் இன்னும் கேப்டையே நம்பியிருக்கிறது. அது இருக்கும் மாட்யூலை வியூ பைண்டிங்குக்கு மாற்றுவதைத் தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். கேஎஸ்பியின் பதிப்பெண் 2.0.21-1.0.28 போல இருந்தால் முன்பாதி கோட்லின் பதிப்பு. அது உங்கள் கோட்லின் பிளகினோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

எந்த ஃபைலிலிருந்து தொடங்குவது

டெஸ்ட் கோடிலிருந்து தொடங்குங்கள் என்பது வழக்கமான அறிவுரை. ஆபத்தில்லாதது, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் டெஸ்ட் ஃபைலில் கோட்லின் எழுதிப் பழகியவருக்கு எல்லைச் சிக்கல் எதுவும் கண்ணில் படாது. பழகுவதற்கு அது போதும், திட்டத்துக்குப் போதாது.

பலரும் கூப்பிடும், தான் யாரையும் அதிகம் கூப்பிடாத கிளாஸ்களே முதலில் மாற வேண்டியவை. மாடல்கள், தேதி, தொகை, டெக்ஸ்ட் சார்ந்த யூட்டிலிட்டிகள், பிறகு தகவலை எடுத்துத் தரும் ரெப்பாசிட்டரி, பிறகு திரைக்கான தகவலை வைத்திருக்கும் வியூமாடல், கடைசியில் திரை. ஒரு காரணத்தோடுதான் இந்த வரிசை. கோட்லினிலிருந்து ஜாவாவைக் கூப்பிட்டால், திரும்பி வருவது ‘நல்’ ஆக இருக்குமா இருக்காதா என்று கம்பைலருக்குத் தெரியாது. பிளாட்ஃபார்ம் டைப் என்று எடுத்துக்கொண்டு உங்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடும். ஐடிஈ-யில் டைப்புக்குப் பின்னால் ஒற்றை ஆச்சரியக்குறி தெரிந்தால் அதுதான் இது. அடிமட்டம் முதலில் கோட்லின் ஆகிவிட்டால் மேலே எழுதுகிறவருக்கு உண்மையான டைப் கிடைக்கும். மேலிருந்து தொடங்கினால் கோட்லின் திரை முழுக்க ஜாவாவின் மூடுமந்திர டைப்களை நம்பி நிற்கும்.

மாற்றப் போவதில்லை என்று முடிவான ஜாவா ஃபைல்களிலும் ஒரு வேலை உண்டு. பொதுவான மெத்தட்களுக்கு ‘@நல்லபிள்’, ‘@நான்நல்’ குறிகளைப் போட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவே கோடைப் படித்து இந்தக் குறிகளை ஊகித்துப் போட்டுத் தரும். அதன் ஊகம் எல்லா இடத்திலும் சரியாக இருக்காது, ஆனாலும் வெறுங்கையோடு தொடங்குவதைவிட மேல். மாற்றும் கருவியும் இந்தக் குறிகளைப் பார்த்தே டைப்பை முடிவு செய்கிறது. குறி போட்டுவிட்டு மாற்றினால் குப்பை பாதியாகக் குறையும்.

மாற்றும் கட்டளை கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றோடு ‘கே’ எழுத்து. அதை அழுத்துவதற்கு முன், கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட்டைக் கவனியுங்கள். ஒரு ஃபைலின் பெயர் மாறி, உள்ளடக்கமும் பாதிக்கு மேல் மாறினால் கிட் அதைப் பழையதை நீக்கிப் புதியதைச் சேர்த்ததாகவே காட்டும். இயல்பான வரம்பு 50% ஒற்றுமை. ஜாவா வரிகள் கோட்லின் ஆகும்போது அந்த வரம்பைத் தாண்டுவது எளிது. அந்த வினோத இஃப் கண்டிஷனை நான்கு வருடத்துக்கு முன் யார், எந்த பக்-க்காக எழுதினார் என்ற தடயம் போய்விடும். இரண்டு கமிட்டாகப் பிரியுங்கள்: முதலில் ஃபைலின் நீட்சிப் பெயரை மட்டும் மாற்றி ஒரு கமிட், பிறகு உள்ளடக்கத்தை மாற்றி இன்னொரு கமிட். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் கமிட் பெட்டியிலேயே இதைத் தானாகச் செய்யும் தேர்வு இருக்கிறது. நடுவில் உள்ள கமிட் கம்பைல் ஆகாது, பரவாயில்லை. ஆனால் உங்கள் டீம் ‘ஸ்குவாஷ் மெர்ஜ்’ வழக்கம் வைத்திருந்தால் இரண்டும் ஒன்றாகிப் பட்ட பாடெல்லாம் வீணாகும். மாற்றும் கிளைகளுக்கு மட்டும் சாதாரண மெர்ஜ் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி தரும் கோட் கோட்லின் மாதிரி இருக்கும், கோட்லின் இல்லை. எங்கும் ‘வார்’ (மதிப்பை மாற்றக்கூடிய மாறி), எங்கும் கேள்விக்குறி (‘நல்’ வரலாம் என்ற அடையாளம்), எங்கும் இரட்டை ஆச்சரியக்குறி. ஒவ்வொரு இரட்டை ஆச்சரியக்குறியும் இங்கே ‘நல்’ வந்தால் ஆப்பைக் கொன்றுவிடு என்கிற கட்டளை. அது வேண்டுமா என்று ஒவ்வொன்றிலும் நின்று கேட்க வேண்டும். கோடைச் சோதிக்கும் டிடெக்ட் கருவியில் இதைப் பிடிக்க விதி உண்டு. பழைய ஃபைல்களை விட்டுவிட்டு, புதிதாகச் சேர்பவற்றுக்கு மட்டும் அதை எரராக வைத்தால் டீம் முணுமுணுக்காது. ஒரு கிளாஸ் மாறும் கமிட்டில் வேறு எந்தச் சீரமைப்பும் சேர்க்காதீர்கள். அழகுபடுத்துவது அடுத்த கமிட்டில்.

டேட்டாபேஸ் என்னும் எல்லை

எல்லைகளில் அதிகச் சேதம் செய்வது இதுதான். ஒரு பில்லிங் ஆப்பில் வாடிக்கையாளர் என்று ரூம் என்டிட்டி (ஒரு டேபிளைக் குறிக்கும் கிளாஸ்) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் பெயர், போன், ஜிஎஸ்டி எண் மூன்றும் ஸ்ட்ரிங். ஜாவா ஸ்ட்ரிங் ‘நல்’ ஆகலாம் என்பதால் ரூம் டேபிளில் மூன்று காலத்தையும் (நெடுவரிசை) வெறும் டெக்ஸ்ட் என்று உருவாக்கியிருக்கும். இப்போது கிளாஸைக் கோட்லின் டேட்டா கிளாஸாக மாற்றி மூன்றையும் கேள்விக்குறி இல்லாத ஸ்ட்ரிங் என்று எழுதுகிறீர்கள். சுத்தமாகத் தெரிகிறது, ரிவ்யூவில் பாராட்டும் கிடைக்கிறது. ஆனால் ரூமின் கண்ணில் மூன்று காலங்களும் ‘நாட் நல்’ ஆகிவிட்டன. ஸ்கீமா, அதாவது டேபிள்களின் அமைப்பு, மாறிவிட்டது.

ரூம் தன் ஸ்கீமாவின் கைரேகையாக ஒரு ஹேஷை டேட்டாபேஸுக்குள்ளேயே ‘ரூம்_மாஸ்டர்_டேபிள்’ என்ற இடத்தில் எழுதி வைக்கிறது. பதிப்பெண் அதே, ஹேஷ் வேறு என்றால் டேட்டா நம்பகத்தன்மையைச் சரிபார்க்க முடியவில்லை, ஸ்கீமாவை மாற்றிவிட்டுப் பதிப்பெண்ணைக் கூட்ட மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று ஆப்பை நிறுத்திவிடும். புதிதாக இன்ஸ்டால் செய்தவருக்கு ஒன்றும் ஆகாது. அப்டேட் செய்த பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் ஆப் திறக்கவே திறக்காது. எமுலேட்டரில் ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டுப் போடும் டெவலப்பர் இதைக் கடைசிவரை பார்க்கவே மாட்டார்.

பதட்டத்தில் பதிப்பெண்ணை 5-லிருந்து 6 ஆக்கினால், பழைய டேபிளைப் புதிய அமைப்புக்கு மாற்றும் மைக்ரேஷன் எங்கே என்று கேட்டு மறுபடியும் விழும். அதையும் அடக்க யாராவது ‘ஃபால்பேக்டுடிஸ்ட்ரக்டிவ்மைக்ரேஷன்’ வரியைச் சேர்த்தால் கிராஷ் நின்றுவிடும், கூடவே கடைக்காரரின் வாடிக்கையாளர் பட்டியலும் போய்விடும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

சரியான வழி சோம்பேறித்தனமானது. முதல் மாற்றத்தில் டைப்பின் அர்த்தத்தைத் தொடாதீர்கள். ஜாவாவின் சிறிய ‘இன்ட்’ கோட்லினில் கேள்விக்குறி இல்லாத ‘இன்ட்’. ஜாவாவின் ‘இன்டிஜர்’ கேள்விக்குறியோடு ‘இன்ட்’. குறி போடாத ஸ்ட்ரிங் எல்லாம் கேள்விக்குறியோடு. ரூமில் ஸ்கீமா ஏற்றுமதியை இயக்கி வைத்தால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ஜேசான் ஃபைல் கிடைக்கும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதில் ‘ஐடென்டிட்டிஹேஷ்’ ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் டேட்டாபேஸ் பக்கம் பயமில்லை. மாறியிருந்தால் எந்தக் காலத்தின் ‘நாட்நல்’ மதிப்பு புரண்டது என்பதையும் அதே ஃபைல் காட்டும். இரண்டு நிமிட வேலை, ஆனால் மாற்றத்தில் இதைவிட விலைமதிப்புள்ள சோதனை வேறில்லை.

கேள்விக்குறியை நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் அது தனி ரிலீஸ், தனி மைக்ரேஷன். இருக்கும் காலத்தை ‘நாட் நல்’ ஆக்கும் கட்டளை ஆண்ட்ராய்டு போன்களில் உள்ள எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் இல்லை. புதிய டேபிளை உருவாக்கி, ‘கோலெஸ்’ வைத்து ‘நல்’ மதிப்புகளைக் காலி ஸ்ட்ரிங்காக்கி நகலெடுத்து, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயர் சூட்ட வேண்டும். பழைய டேபிளோடு அதன் இண்டெக்ஸ்களும் போய்விடும். அவற்றைத் திரும்ப உருவாக்க மறந்தால் ரூம் அதையும் ஸ்கீமா வேறுபாடாகப் பிடிக்கும்.

இதன் தம்பி ‘சீரியலைசபிள்’. ஆப்ஜெக்ட்டை அப்படியே ஃபைலில் எழுதி வைக்கும் பழைய கேஷ் எதுவாவது இருந்தால், அந்தக் கிளாஸின் ‘சீரியல்வெர்ஷன்யூஐடி’ கையால் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்காவிட்டால் ஜாவா அதைக் கிளாஸின் அமைப்பிலிருந்து கணக்கிடும். டேட்டா கிளாஸ் ஆனதும் ‘காப்பி’, ‘காம்போனென்ட்1’ என்று புது மெத்தட்கள் சேர்ந்து எண் மாறிவிடும், பழைய ஃபைல் திறக்காது. மாற்றுவதற்கு முன் ஜேடிகேயில் உள்ள ‘சீரியல்வெர்’ கருவியால் பழைய எண்ணை எடுத்து, கோட்லினில் ‘கம்பேனியன் ஆப்ஜெக்ட்’டுக்குள் ‘கான்ஸ்ட்’ ஆக அதே எண்ணை வைத்துவிடுங்கள்.

இந்த இரண்டு வகைக் கிராஷையும் ஒன்றாகப் பிடிக்க ஒரு வழி உண்டு. பிளே ஸ்டோரில் இருக்கும் பழைய பதிப்பை அதே சாவியால் கையெழுத்திட்டு நிறுவி, லாகின் செய்து, நிஜத் தகவலை நிரப்பி, நீக்காமல் அதன் மேலேயே ‘ஏடிபி இன்ஸ்டால் -ஆர்’ கொடுத்துப் புதியதை ஏற்றுங்கள். கோட்லின் மாற்றம் போகும் ஒவ்வொரு ரிலீஸுக்கும் இது கட்டாயம்.

ஜேசானும் வெளி எஸ்டிகேக்களும்

ஜேசானைப் படித்து ஆப்ஜெக்ட் ஆக்கும் ஜிசன் லைப்ரரி கோட்லினுக்கு முன்பே பிறந்தது. கோட்லினின் விதி எதுவும் அதற்குத் தெரியாது. ஐடி, பெயர், ஊர் என்று மூன்று பிராப்பர்ட்டி உள்ள டேட்டா கிளாஸில் ஊருக்கு மட்டும் ‘சென்னை’ என்று டிஃபால்ட் கொடுத்திருக்கிறீர்கள். சர்வர் ஊரை அனுப்பவில்லை. சென்னை வரும் என்று எதிர்பார்ப்பீர்கள், வருவது ‘நல்’. அதுவும் ‘நல்’ ஆகவே கூடாத டைப்புக்குள். ஆர்குமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் அந்தக் கிளாஸுக்கு இல்லாததால், ஜிசன் கன்ஸ்ட்ரக்டரையே கூப்பிடாமல் பின்வாசல் வழியாக ஆப்ஜெக்ட்டை உருவாக்குகிறது. டிஃபால்ட் மதிப்பு ஓடும் வாய்ப்பே கிடையாது. பார்ஸ் செய்யும் இடத்தில் ஒன்றும் நடக்காது. மூன்று திரை தாண்டி அந்த ஊரை ஏதோ ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கும்போது விழும், ஸ்டாக் டிரேஸும் அந்த அப்பாவி ஃபங்ஷனையே காட்டும்.

எல்லாப் பிராப்பர்ட்டிக்கும் டிஃபால்ட் கொடுத்தால் கோட்லின் வெறும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றையும் உருவாக்கும். ஜிசன் அதைப் பயன்படுத்தும், விடுபட்ட கீ-க்கு டிஃபால்ட் வரும். சர்வர் வெளிப்படையாக ‘நல்’ என்றே அனுப்பினால் அது அப்போதும் உள்ளே போய்விடும். ஆகவே ஜிசனை விட முடியாதவர்கள் நெட்வொர்க் மாடலில் எல்லாவற்றையும் கேள்விக்குறியோடு வைத்து, அதிலிருந்து ஆப்பின் சொந்த மாடலுக்கு மாற்றும் ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொள்வது நல்லது. விட முடிந்தவர்களுக்கு மோஷியின் கோட்ஜென் அல்லது கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷன். இரண்டும் பார்ஸ் செய்யும் இடத்திலேயே எந்தக் கீ விடுபட்டது என்று பெயரோடு சொல்லி விழும். அந்தக் கண்டிப்புக்கு ஒரு விலை உண்டு. 50 பொருள் கொண்ட பட்டியலில் ஒன்றில் மட்டும் பெயர் இல்லையென்றால், முன்பு 49 சரியாகவும் ஒன்று காலியாகவும் தெரிந்த திரை இப்போது முழுக்க எரராகும். சர்வர் ஒழுங்காக இருக்கிறது என்று பேக்எண்ட் டீம் சொல்வதை நம்பாமல், நிஜ ரெஸ்பான்ஸ்களைச் சேர்த்து வைத்து அவற்றின் மேல் டெஸ்ட் ஓட்டிய பிறகு மாற்றுங்கள்.

வெளி எஸ்டிகேக்களின் (பிறர் எழுதித் தரும் தயார் லைப்ரரிகள்) கால்பேக்கும் (வேலை முடிந்ததும் அவை நம்மைத் திரும்பக் கூப்பிடும் மெத்தட்) இதே குடும்பம். பேமென்ட் எஸ்டிகே ஒன்று ஜாவாவில் இருக்கிறது, அதன் இன்டர்ஃபேஸில் ‘நல்’ குறி எதுவும் இல்லை. தோல்வி மெத்தட்டை ஓவர்ரைட் செய்து, செய்தியைக் கேள்விக்குறி இல்லாத ஸ்ட்ரிங் என்று எழுதினால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். நெட்வொர்க் டைம்அவுட் ஆகும்போது எஸ்டிகே செய்தி இல்லாமல் ‘நல்’ அனுப்பும். மெத்தட்டின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே, நுழைவாயிலில் கோட்லின் போடும் சோதனையில் ஆப் விழும். பணம் போனதா இல்லையா என்று பயனர் தவிக்கும் நேரத்தில்தான் இது நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குறி இல்லாத ஜாவா இன்டர்ஃபேஸை ஓவர்ரைட் செய்தால் எல்லா ஆப்ஜெக்ட் பாராமீட்டருக்கும் கேள்விக்குறி. இதில் விதிவிலக்கே வேண்டாம்.

ஜாவா பக்கத்திலிருந்து பார்த்தால்

எதிர்த்திசையும் உண்டு. மாற்றிய கோட்லின் கிளாஸை இன்னும் ஜாவா கூப்பிட்டுக்கொண்டிருக்கும். டிஃபால்ட் ஆர்குமென்ட் ஜாவாவுக்குத் தெரியாது, ‘@ஜேவிஎம்ஓவர்லோட்ஸ்’ வேண்டும். ஸ்டாட்டிக் மெத்தட்கள் கம்பேனியனுக்குள் போய்விடும், ‘@ஜேவிஎம்ஸ்டாட்டிக்’ போட்டால் பழைய அழைப்புகளைத் தொட வேண்டாம். கோட்லினில் செக்டு எக்ஸெப்ஷன் கிடையாது என்பதால், ஜாவாவில் ஐஓஎக்ஸெப்ஷனைப் பிடித்துக்கொண்டிருந்த இடம் அந்த எக்ஸெப்ஷன் இங்கே வரவே வராது என்று கம்பைல் ஆக மறுக்கும். ‘@த்ரோஸ்’ சேர்த்தால் சரியாகும். இவையெல்லாம் கம்பைலில் தெரிகிற வகை, அதனால் பயமில்லை.

கஸ்டம் வியூ அப்படியில்லை. மூன்று கன்ஸ்ட்ரக்டரையும் ஒன்றாக்கி, கடைசி ஸ்டைல் பாராமீட்டருக்கு 0 என்று டிஃபால்ட் கொடுத்து ஓவர்லோட்ஸ் குறி போடும் ஒரு சுருக்கம் எங்கும் பரவிக் கிடக்கிறது. சாதாரண ‘வியூ’வை நீட்டித்தால் ஒன்றும் ஆகாது. எடிட்டெக்ஸ்ட்டையோ பட்டனையோ நீட்டித்தால், தாய்க் கிளாஸின் இரண்டு ஆர்குமென்ட் கன்ஸ்ட்ரக்டர் தீமிலிருந்து எடுத்துக்கொடுத்திருக்க வேண்டிய ஸ்டைலுக்குப் பதில் 0 போகும். எடிட்டெக்ஸ்ட் தன் அடிக்கோட்டை இழந்து, தொட்டாலும் ஃபோகஸ் வாங்காமல் நிற்கும். கிராஷ் இல்லை, லாக் இல்லை. 0-க்குப் பதில் ‘எடிட்டெக்ஸ்ட்ஸ்டைல்’ ஆட்ரிபியூட்டைக் கொடுங்கள், அல்லது கன்ஸ்ட்ரக்டர்களைத் தனித்தனியாகவே விட்டுவிடுங்கள்.

கோரூட்டீன்: பிடிக்கக் கூடாததைப் பிடிப்பது

பின்னணி வேலைக்கான பழைய வழியான ஏசிங்க்டாஸ்க் ஆண்ட்ராய்டு 11-லேயே ஓரங்கட்டப்பட்டது. அதே வேலைக்குக் கோட்லின் தரும் வழியான கோரூட்டீன் 2018-ன் கோட்லின் 1.3-லிருந்து நிலையானது. நெட்வொர்க் லைப்ரரியான ரெட்ரோஃபிட் 2.6-லிருந்தும் ரூம் 2.1-லிருந்தும் ‘சஸ்பெண்ட்’ ஃபங்ஷனை (நடுவில் நின்று பிறகு தொடரக்கூடியது) நேரடியாக ஏற்கின்றன. அவற்றைத் திரும்பவும் ‘டிஸ்பேச்சர்ஸ்.ஐஓ’வுக்குள் சுற்ற வேண்டியதில்லை. தாமே பின்னணித் த்ரெட்டில் ஓடிக்கொள்ளும்.

உண்மையான பொறி டிரை-கேட்ச். கோரூட்டீனை ரத்து செய்வது ‘கேன்சலேஷன்எக்ஸெப்ஷன்’ என்ற எக்ஸெப்ஷன் வழியாகவே நடக்கிறது. ஜாவாப் பழக்கத்தில் எல்லாவற்றையும் ‘எக்ஸெப்ஷன்’ என்று பிடித்தால் அதுவும் மாட்டிக்கொள்ளும். ஐந்து வினாடிக்கு ஒரு முறை ஆர்டர் நிலையைக் கேட்கும் லூப் ஒன்று வியூமாடல்ஸ்கோப்பில் ஓடுகிறது: முடிவில்லா ‘வைல்’, உள்ளே டிரை, டிரைக்குள் ஏபிஐ அழைப்பும் ‘டிலே(5000)’மும், கேட்சில் ஒரு லாக் வரி. பயனர் பின்னால் போகிறார், ஸ்கோப் ரத்தாகிறது. டிலே ரத்துச் செய்தியை வீசுகிறது, கேட்ச் அதை விழுங்குகிறது, லூப் மறுபடி சுற்றுகிறது. ரத்தான கோரூட்டீனில் அடுத்த டிலே காத்திருக்காது, உடனே வீசும், அதையும் விழுங்கும். இடைவெளியே இல்லாமல் மெயின் த்ரெட்டில் இது சுற்ற, திரை உறைந்து ஏஎன்ஆர் (ஆப் பதிலளிக்கவில்லை) பெட்டி வரும். டெஸ்ட்டில் யாரும் பின்னால் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐஓஎக்ஸெப்ஷன், எச்டிடிபிஎக்ஸெப்ஷன் என்று தேவையானதை மட்டும் பெயர் சொல்லிப் பிடியுங்கள். எல்லாவற்றையும் பிடித்தே தீர வேண்டிய இடத்தில், அதற்கு முந்தைய கேட்சில் ரத்து எக்ஸெப்ஷனைப் பிடித்து அப்படியே திரும்ப வீசுங்கள். ‘ரன்கேச்சிங்’ பார்க்க அழகாக இருக்கும், இதே தவறைத்தான் செய்யும். சஸ்பெண்ட் கோடைச் சுற்றி அதை வைக்காதீர்கள். ‘குளோபல்ஸ்கோப்’ ரிவ்யூவில் தெரிந்தால் காரணம் கேட்காமலே நிராகரிக்கலாம். ஃபிராக்மென்ட்டில் ஃப்ளோவைக் கேட்கும்போது ஃபிராக்மென்ட்டின் ஸ்கோப்பைவிட ‘வியூலைஃப்சைக்கிள்ஓனர்’ ஸ்கோப்பும் ‘ரிபீட்ஆன்லைஃப்சைக்கிளும்’ தேவை.

சஸ்பெண்ட் ஃபங்ஷனை ஜாவாவிலிருந்து நேரடியாகக் கூப்பிடுவது நரகம், கன்டினுவேஷன் என்று கூடுதல் பாராமீட்டர் ஒன்று முளைத்திருக்கும். ரெப்பாசிட்டரியைச் சஸ்பெண்டாக மாற்றும்முன், அதை எத்தனை ஜாவாத் திரைகள் கூப்பிடுகின்றன என்று தேடிப் பாருங்கள். அவை மாறும்வரை பழைய கால்பேக் வடிவத்தையும் பக்கத்தில் வைத்திருப்பது நடைமுறை.

கோட்லின் சுருக்கங்களில் ஒரு சிலது

‘லெட்’டோடு, இடப்பக்கம் ‘நல்’ என்றால் வலப்பக்கத்தை எடுக்கும் எல்விஸ் ஆப்பரேட்டரைச் சேர்த்து இஃப்-எல்ஸ் போல எழுதும் பழக்கம் வேகமாகத் தொற்றும். பயனர் இருந்தால் லெட்டுக்குள் சேமி, இல்லாவிட்டால் ?: போட்டு லாகின் திரையைத் திற என்று எழுதுவார்கள். லெட்டுக்குள் கடைசி வரியான சேமிக்கும் ஃபங்ஷன் ‘நல்’ திருப்பினால், பயனர் இருந்தும் வலப்பக்கம் ஓடி லாகின் திரையும் திறக்கும். மதிப்பை உள்ளூர் ‘வால்’ ஒன்றில் எடுத்துக்கொண்டு சாதாரண இஃப்-எல்ஸ் எழுதுங்கள். மாறக்கூடிய பிராப்பர்ட்டியில் ஸ்மார்ட் காஸ்ட் முடியாது என்று கம்பைலர் அடம்பிடிப்பதற்கும் அதே உள்ளூர் வால்தான் மருந்து, இரட்டை ஆச்சரியக்குறி இல்லை. லெட்டுக்குள் அப்ளை, அப்ளைக்குள் ரன் என்று மூன்று அடுக்கு போனால் ‘இட்’ யாரைச் சொல்கிறது, ‘திஸ்’ யாரைச் சொல்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது.

டெஸ்ட்டுக்குப் போலி ஆப்ஜெக்ட் உருவாக்கும் மாக்கிட்டோ வைத்திருப்பவர்களுக்கு: கோட்லின் கிளாஸ்கள் இயல்பிலேயே ‘ஃபைனல்’. மாக்கிட்டோ 5-ல் சிக்கலில்லை. பழையதில் இன்லைன் மாக் மேக்கரை இயக்க வேண்டும். டெஸ்ட்டுக்காகக் கிளாஸை ‘ஓபன்’ ஆக்காதீர்கள். ‘எனி()’ மேட்சர் ‘நல்’ திருப்புவதால் கோட்லின் ஃபங்ஷன்களில் இடறும், அதற்கு மாக்கிட்டோ-கோட்லின் துணை லைப்ரரி இருக்கிறது.

வெளியிடும்போது பிளே கன்சோலில் படிப்படியாகத் திறந்துவிடுங்கள், சிறு சதவீதத்தில் தொடங்கி. பயனர் உணரும் கிராஷ் விகிதம் 1.09%-ஐயும் ஏஎன்ஆர் 0.47%-ஐயும் தாண்டினால் பிளே ஸ்டோரில் ஆப்பின் தெரிவுநிலை பாதிக்கப்படும். ஒரே ரிலீஸில் மாடல், டேட்டாபேஸ், நெட்வொர்க் மூன்றையும் மாற்றியிருந்தால் எது உடைத்தது என்று பிரிக்க முடியாது; ஒரு ரிலீஸுக்கு ஓர் எல்லை.

எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டுமா? வேண்டாம். மூன்று வருடமாக யாரும் தொடாத, டெஸ்ட் இல்லாத, ஆனால் சரியாக ஓடும் வரிக் கணக்கு கிளாஸை மாற்றுவதால் கிடைப்பது ஆபத்து மட்டுமே. கெட்டர், செட்டர்களைத் தானாக எழுதித் தரும் லோம்போக் நிறைந்த ஃபைல்களும் அப்படியே. லோம்போக் உருவாக்கும் கெட்டர்கள் கோட்லின் கம்பைலர் ஓடும் நேரத்தில் இருக்காது. அதற்கென வந்த பிளகினை நம்புவதைவிட அந்த அனோட்டேஷன்களை முதலில் விரித்து எழுதிவிட்டு மாற்றுவது மேல். ஒரு ஜாவா ஃபைலில் பக் திருத்தவோ வசதி சேர்க்கவோ கை வைக்க நேர்ந்தால், முதலில் திருத்தத்தை ஜாவாவிலேயே முடித்து வெளியிட்டுவிட்டு, அடுத்த கிளையில் மாற்றத்தைச் செய்யுங்கள். பழைய பிளகின்களோடு கோட்லின் 1.x-ல் நிற்பவர்கள் 2.0-க்குப் போவதையும் இந்த வேலையோடு கலக்க வேண்டாம். 2024 மே மாதம் வந்த அந்தப் பதிப்பில் கம்பைலரே புதியது, கம்போஸ் கம்பைலரையும் தனி கிரேடில் பிளகினாகச் சேர்க்க வேண்டும், கேஎஸ்பியையும் கூடவே உயர்த்த வேண்டும். அதற்கு ஒரு தனி கிளை, ஒரு தனி ரிலீஸ்.